அரைக் கட்டை இறக்கம்

ஆல்வின் கீபோர்டில் ஒரு பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினான், அவனுக்கு வேலை முடிந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து, பிரசங்கம் கேட்கிற முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். அகப்பட்டுக்கொண்டது ஜெபக்கனிதான். நடந்தது இவ்வளவுதான். சபைப் போதகரான ஐயர் மேடையில் ஏறிக் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில், முன்னால் நின்று பாடுகிற கிரேனாப்பு டீச்சர், பாடகர் குழுவை நடத்துகிற ஞானையா சார் பக்கம் குனிந்து, "சார், தொண்டை கட்டிப்போச்சு, மேல ஏற மாட்டேங்கு. காணிக்கைப் பாட்டை அரைக் கட்டை எறக்கிருங்க" என்றாள். சார் ஆல்வினிடம் திரும்பி, "மூணு வேண்டாம்லே, ரெண்டரை" என்றார். ஆல்வின் அமுக்கினான். அவனுக்கென்ன, எந்தச் சுருதி கேட்டாலும் விரல் அதே வெள்ளைக் கட்டைகளில்தான் ஓடும், மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெபக்கனியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை, ஏனென்றால் நாலு வருசமாக அந்த ஸ்டூலில் இருந்தவள் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் பெமிலா, பெமிலாவுக்குச் சொல்லத் தேவையிருந்ததில்லை. அவள் காதில் விழுந்தால் போதும், விரல் தானாக நகர்ந்துவிடும். அந்தப் பெமிலா இப்போது மூன்றாவது பெஞ்சில், ஜெபக்கனியின் மூன்று வயசு மகள் ஜோவினாவை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை பெங்களூரு ரயில், ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவள் போன பிறகு இந்த ஸ்டூல் யாருக்கு என்பதற்குத்தான் இன்றைக்கு ஒரு பாட்டு. "ஒரே ஒரு பாட்டு வாசி, பாப்போம்" என்று ஞானையா சார் சொல்லியிருந்தார். "நின்னுச்சுன்னா நீயே இரு. இல்லன்னா வருத்தப்படக் கூடாது, கிடார பீரோவுல வச்சுப் பூட்டிருவேன், ஆல்வின் எடது கையாலயே சமாளிச்சுக்கிடுவான்." கடைசிப் பாட்டுக்குப் பெமிலா திரும்பி வந்து உட்காருவாள் என்பது ஏற்பாடு. நடுவில் இந்த ஒரு பாட்டு ஜெபக்கனிக்கு.

"இன்றைக்கு நாம் தியானிக்கப்போகிற பொருள், பொறுமை" என்று ஐயர் தொடங்கினார். பொறுமை. நல்லா வாச்சுது, என்று நினைத்தாள் ஜெபக்கனி. எப்படியும் அரை மணி நேரம் உண்டு, ஐயர் எப்போதும் மூன்று காரியம் சொல்லுவார், முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக, அதற்கப்புறம் கடைசியாக என்று ஒன்று, அதற்கும் அப்புறம் முடிவாக என்று ஒன்று. அந்த அரை மணிக்குள் யோசிக்க வேண்டும். யோசித்தாள். நாலு கம்பி, தடியான கம்பியிலிருந்து மூணு, ஆறு, ரெண்டு, அஞ்சு. சுருதியை இங்கிலீசு எழுத்தில் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை, கட்டைக் கணக்கில் சொன்ன அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, மூவாயிரத்து அறுநூத்து இருபத்தஞ்சு, ஏதோ ஒரு வேனின் நம்பர் மாதிரி. காணிக்கைப் பாட்டு மூணு கட்டையில் இருந்ததுதான் அவளுக்குக் கிடைத்த பாக்கியம். தடிக்கம்பியை ஒன்றும் பிடிக்காமல் சும்மா தட்டினால் மூணு. அடுத்த கம்பியைச் சும்மா தட்டினால் ஆறு. அதிலேயே, கழுத்தில் குறுக்கே தகடு வைத்துப் பிரித்திருக்கிற ரெண்டாவது கட்டத்தில் ஒரு விரலை வைத்தால் ஏழு. மூன்றே இடம், மூன்று மாசம் வாசித்திருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள். இப்போது எல்லாம் அரைக் கட்டை கீழே போக வேண்டும் என்றால் எங்கே போக? சும்மா விட்ட கம்பிக்குக் கீழே கட்டமே கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் கிடாரின் தலை, தலைக்கு அந்தப் பக்கம் ஆல்வினின் முழங்கை. மேலே ஆறாவது கட்டம் வரைக்கும் போய் அங்கே இருக்கிற ரெண்டரையைப் பிடிக்கலாம். பெமிலா பிடிப்பாள். அவள் இடது கை அந்தக் கழுத்தில் போய்வருவதைப் பார்க்க வேண்டுமே, ஊர்ச் சந்தையில் கூட்டத்துக்குள் யார் மேலும் இடிக்காமல் புகுந்து போகிற பொம்பளை மாதிரி போகும், கண் எங்கேயோ இருக்கும், வாயில் சிரிப்பு இருக்கும், விரல் போக வேண்டிய வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும். ஜெபக்கனி ஐந்தாவது கட்டத்தைத் தாண்டிப் போனதில்லை. தாண்டினால் ஊர் பேர் தெரியாத இடம். ஒரு கை ஜாடை காட்டினால் போதும், பெமிலா எழுந்து வந்துவிடுவாள், பிள்ளையை இவள் மடிக்கு மாற்றிவிட்டுக் கிடாரை வாங்கிக்கொள்வாள், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது, ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதுதான். பீரோ சத்தமில்லாமல் பூட்டிக்கொள்ளும்.

"முதலாவதாக, பொறுமை என்பது சும்மா இருப்பது அல்ல" என்றார் ஐயர், சரிதான், சும்மா இருக்க எங்கே முடிகிறது, விரல் நுனி சேலை மடிப்பில் தாளம் போட்டுக்கொண்டேயிருந்தது, நுனியில் தோல் காய்த்துப்போய், தொட்டால் வேறு யாருடைய விரலோ போல இருந்தது. முதல் மாசம் கொப்புளம். ஜெபக்கனி வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டித் தெருவுக்குக் கொடுக்கிறவள், மாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்கும்போது கொப்புளம் உடைந்த விரல் உயிர் போகிற மாதிரி எரியும், எரிய எரியச் சிரிப்பு வரும், இது எனக்கு எதுக்கு என்று. வீட்டுக்காரர் பொன்சிங் பார்த்துவிட்டு, "ஒனக்கு கிரைண்டர் சத்தம் பத்தாதாக்கும்?" என்பார். பத்தாதுதான். ஒருநாள் பெமிலா சுருதி பார்க்கிற கிளிப்பை, அது துணி கிளிப் மாதிரி கிடாரின் தலையில் கவ்வியிருக்கும், விளையாட்டுக்குக் கிரைண்டரில் மாட்டிப் பார்த்தாள், முள் ஆடி ஆடி ஒரு இடத்தில் நின்றது. "ஏ மைனி, ஒங்க கிரைண்டர் நாலரைக் கட்டையில பாடுது!" அதற்கப்புறம் ஜெபக்கனியால் மாவு ஆட்டும்போது வேறு சுருதியில் முணுமுணுக்கவே முடியவில்லை. மாமியார் வந்து கிடாரைச் சுற்றிப் பார்த்தாள், எண்ணிப் பார்த்தாள். "கிடாருக்கு ஆறு கம்பில்லா? ரெண்டு அத்துப்போனதத் தலையில கட்டிட்டானா கடைக்காரன்?" என்று கேட்டாள். இல்லத்தே, இது வேற சாமான், அடிச்சத்தம் குடுக்கிறது என்றால், "அடிச்சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றாள். கேட்காது. ஜெபக்கனிக்கும் நாலு வருசத்துக்கு முன்னால் கேட்டதில்லை. ஜோவினா வயிற்றில் ஏழு மாசமாக இருந்தபோதுதான் கேட்டது, அதுவும் காதில் இல்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தது, கூட்டத்தில் இடமில்லாமல் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பெஞ்சுப் பலகை வழியாக ஒரு அதிர்வு ஏறி, தொடை வழியாக, இடுப்பு வழியாக வந்து, வயிற்றுக்குள் பிள்ளை திரும்பிப் படுத்தது. பாட்டு நின்றது, பிள்ளை நின்றது. அடுத்த பாட்டு, மறுபடி திரும்பியது. பாட்டுக்காரர்களையும் கீபோர்டையும் டிரம்ஸையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எங்கேயிருந்து வருகிறது என்று தேடிக் கடைசியில்தான் மூலையில் பெமிலாவின் கட்டைவிரல் பக்கம் கண் போனது. பெமிலா அப்போது காலேஜ் முதல் வருசம், புதுசாகக் கல்யாணமாகி வந்த மைனியிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அட, இந்தப் பிள்ளைதானா என்று இருந்தது. இந்த ஒல்லிக்கையா இவ்வளவு பேரையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இட்லியில் உளுந்து மாதிரி, ஒருத்தரும் பிட்டு வாயில் போட்டு உளுந்து நன்றாயிருக்கிறது என்று சொல்லுவதில்லை, அரிசியைத்தான் சொல்லுவார்கள், ஆனால் உளுந்து இல்லாமல் வேகவைத்துப் பார், கல். அன்றைக்கு வந்த ஆசைதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாங்காய்க்கு ஆசைப்பட்டாள், சாம்பலுக்கு ஆசைப்பட்டாள், அதெல்லாம் பிரசவத்தோடு போய்விட்டது, இது போகவில்லை. போன வருசம் ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள், "ஏட்டி, எனக்கும் அது வருமா?" பெமிலா சிரிக்கவில்லை. அதுதான் ஜெபக்கனிக்கு மறக்காது. "மைனி, நீங்க ஒலக்கை எடுத்தா தாளம் தப்பாம மாவு இடிப்பிய. ஒங்களுக்கு வராம யாருக்கு வரும்?" என்று, கிடாரை எடுத்து அவள் மடியில் வைத்தாள். என்ன கனம். தூங்குகிற பிள்ளையின் கனம்.

எங்கே விட்டோம். ஐயர் எங்கே விட்டார். "ஆகவே பிரியமானவர்களே" என்று குரலை இறக்கி, ஒரே ஸ்தாயியில் இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார், அவர் அப்படி இழுக்கும்போதெல்லாம் மின்விசிறியின் சத்தமும் அதோடு சேர்ந்து ஒரு ரீங்காரமாகும். ஜெபக்கனியின் கண் கிடாரின் தலையில் இருந்தது. அங்கே கிளிப்பில் சின்ன வெளிச்சம், அதில் முள் தானாக அசைந்துகொண்டிருந்தது. அவள் கம்பியைத் தொடவில்லை. கை மடியில் இருக்கிறது. ஆனாலும் முள் அசைகிறது, எழுத்து மாறுகிறது, நிற்கிறது, மாறுகிறது. கொஞ்ச நேரம் புரியவில்லை, பிறகு சிரிப்பு மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஐயர். பக்கத்து ஸ்பீக்கரில் ஐயரின் குரல் வந்து கிடாரை அதிரவைக்கிறது, கிளிப் பாவம் அதையும் பாட்டு என்று நினைத்துச் சுருதி பார்க்கிறது. அவர் இழுத்து நிறுத்திய இடத்தில் முள்ளும் நின்றது. ரெண்டு கட்டைக் கம்பிக்கு வருகிற அதே எழுத்து, அதற்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட குறி. அந்தக் குறி வந்தால் அரைக் கட்டை என்று அர்த்தம், அது தெரியும். ரெண்டரை. ஐயர் ரெண்டரைக் கட்டையில் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார், அவரும் டீச்சர் மாதிரி இறக்கிவிட்டார் போல, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் ஒருத்திதான் மேலே. அங்கேதான் தட்டியது. விரலுக்குக் கீழே போக இடமில்லை, சரி. கம்பி கீழே போகலாமே. கம்பியையே அரைக் கட்டை தளர்த்திவிட்டால், சும்மா தட்டினால் மூணுக்குப் பதிலாக ரெண்டரை வரும், அடுத்தது ஆறுக்குப் பதில் அஞ்சரை, விரல் எல்லாம் பழைய இடத்திலேயே, கண்ணை மூடிக்கொண்டு. ஆனால் தலையில் கம்பியை முறுக்குகிற சாவியை அவள் தொட்டதே இல்லை. "மைனி, என்ன வேணும்னாலும் செய்யுங்க, இந்தச் சாவிய மட்டும் திருக்காதிய, கம்பி தெறிச்சா மொகத்துல அடிக்கும்" என்று பெமிலா முதல் நாளே சொல்லி வைத்தது. தெறிக்குமா? எப்போது தெறிக்கும்? துணி காயப்போடுகிற கொடி எப்போது அறும், இறுக்கிக் கட்டினால் அறும். தளர்த்தினால் தொங்கும், அவ்வளவுதான். நான் தளர்த்தத்தானே போகிறேன். "இரண்டாவதாக" என்றார் ஐயர். ஜெபக்கனி கிடாரின் வயிற்றிலிருந்த சத்தக் குமிழை ஒன்றுமில்லாத வரைக்கும் திருகிவிட்டு, இடது கையைத் தலைக்குக் கொண்டுபோய் முதல் சாவியைப் பிடித்து, மெல்ல, மிகமெல்ல, திருப்பினாள். கட்டைவிரலால் கம்பியை ஒரு பொட்டுத் தட்டினாள். முள் வலது பக்கம் ஓடியது. வலது பக்கம் என்றால் ஏறுகிறது. ஐயோ, இறுக்குகிறேன். கையை எடுத்துவிட்டாள். யாராவது பார்த்தார்களா? ஆல்வின் கொட்டாவியைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டிருந்தான். கிரேனாப்பு டீச்சர் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள். ஞானையா சாரின் முதுகு, முதுகு மாதிரி இருந்தது. விட்டுவிடலாமா. இப்போது விட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை, கம்பி மூணிலும் இல்லை, ரெண்டரையிலும் இல்லை. பாதியில் நிறுத்திய மாவு. வேறு வழியில்லை என்று ஆனதும் பயம் விட்டுப்போனது, அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

அந்தப் பக்கம் திருப்பினாள். தட்டினாள். முள் நடுவுக்கு வந்தது, நடுவைத் தாண்டி இடது பக்கம் சாய்ந்தது, சாய்ந்து ஓரம் போய் எழுத்து மாறியது, பக்கத்தில் நாலு கோட்டுக் குறி வந்தது, முள் வலது ஓரத்திலிருந்து மறுபடி நடுவை நோக்கி நகர்ந்தது, இன்னும், இன்னும் ஒரு மயிரிழை, பச்சை. தடிக்கம்பி ரெண்டரையில் நின்றது. அடேயப்பா. ஜெபக்கனிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, பெமிலாவைப் பார்த்துக் கண்ணைக் காட்ட வேண்டும் போலிருந்தது, ஆனால் பெமிலா ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அல்லது பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு எதையோ யோசித்தாள், பெங்களூருவை யோசித்திருப்பாள், இருபத்திரண்டு வயசில் தனியாகப் போகிற பிள்ளை, தைரியசாலி, எனக்கு அந்த வயசில் திருச்செந்தூருக்குப் பஸ் மாறத் தெரியாது. அவள் போன பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு யார் வந்து, "மைனி, நேத்துச் சொன்னத வாசிச்சுக் காட்டுங்க" என்பார்கள். அதை நினைக்காதே, ரெண்டாவது கம்பி. இப்போது பக்கம் தெரியும், பச்சை சீக்கிரம் வந்தது, அஞ்சரை. ஆனால் இறங்கும்போது கம்பி சாவியில் கிறீச் என்று ஒரு சத்தம் போட, முன் பெஞ்சில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள், ஜெபக்கனி உடனே தன் ஸ்டூலைப் பார்த்தாள், ஸ்டூல்தான் கிறீச்சிட்டது என்பதுபோல. மூன்றாவது கம்பி கொஞ்சம் அடம். இறங்கி, பச்சையைத் தாண்டி, இன்னும் கீழே போய்விட்டது, மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று, ஏற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை. பச்சை. இன்னும் ஒன்றுதான், கடைசி மெல்லிசுக் கம்பி, அதற்கு மூன்றாவதாக முழுசும் இருக்கிறது, கடைசியாக இருக்கிறது, முடிவாக இருக்கிறது, ஒரு கம்பிக்கு இவ்வளவு நேரம் எதற்கு, ஓய்வெடுக்கலாம். கையை உதறிக்கொண்டு, பிள்ளை முழித்துவிட்டாளா என்று பெஞ்சைப் பார்த்தாள். "இந்தப் பொறுமையை ஆண்டவர் நம் எல்லாருக்கும் தருவாராக, ஆமென்" என்றார் ஐயர். கோயில் முழுக்க ஒரு நொடி திகைத்தது. மூன்றாவதாக எங்கே? ஆல்வினே நிமிர்ந்துவிட்டான். பின்னால் ஒரு பெரியவர், "முடிஞ்சிட்டா?" என்று சத்தமாகவே கேட்டார். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார், அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் மூன்றாவது பக்கம் வீட்டிலேயே தங்கிவிட்டதோ என்னவோ, இறங்கிவிட்டார். சபை எழுந்தது. ஞானையா சாரின் கை உயர்ந்தது.

சத்தக் குமிழ்! அதை ஏற்றத்தான் நேரம் இருந்தது, மெல்லிசுக் கம்பிக்கு இல்லை. அது மட்டும் பழைய அஞ்சிலேயே நிற்கிறது. மூன்று இடம் போக, பாட்டில் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் அந்தக் கம்பிக்கு ஏறி இறங்குகிற நாலு சுர ஓட்டம் ஒன்று பெமிலா சொல்லிக்கொடுத்தது, இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தது, அது வேண்டாம், விட்டுவிடு, தொடாதே, மூன்று கம்பி, மூன்று இடம். சாரின் கை விழுந்தது. கட்டைவிரல் விழுந்தது. ரெண்டரை. கீபோர்டும் ரெண்டரை, டீச்சரின் கட்டிப்போன தொண்டையும் ரெண்டரை, மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த சத்தம் ஸ்டூல் வழியாக ஏறி முதுகெலும்பில் நின்றது. அம்மாடி. இப்படியா இருக்கும் இது, உள்ளேயிருந்து. இத்தனை வருசம் பெமிலா இதிலா உட்கார்ந்திருந்தாள், ஒருநாள்கூடச் சொல்லவில்லையே, சொன்னால் புரியாது என்று விட்டிருப்பாள். ஆறு, இல்லை அஞ்சரை, பேர் என்னவாக இருந்தால் என்ன, ரெண்டாவது கம்பி. ரெண்டாவது கட்டம். திரும்பி வா. சபை வழக்கம்போல இழுக்கப் பார்த்தது, காணிக்கைப் பை நகர நகரப் பாட்டும் அதோடு நடந்தே வரும், இழுக்காதீர்கள், வாருங்கள், வாருங்கள், கட்டைவிரல் ஒவ்வொரு தட்டிலும் அவர்கள் காலடியில் ஒரு படி வைத்தது, அவர்கள் ஏறினார்கள், இருநூறு பேர், நிஜமாகவே ஏறினார்கள். டீச்சரின் குரல் கம்மிப்போய், முன்னைவிட அழகாக இருந்தது, கனிந்து, வேறு யாரோ பாடுகிற மாதிரி. ஜெபக்கனி அதைக் கேட்டுச் சொக்கிவிட்டாள், சொக்கின நேரத்தில் இரண்டாவது அடி முடிந்தது, விரல், படித்த விரல், தன் பாட்டுக்கு மெல்லிசுக் கம்பிக்கு ஏறிவிட்டது. ஒரு சத்தம் வந்தது. கல்லைக் கடித்த சத்தம். ஆல்வின் திரும்பினான். ஞானையா சாரின் இடது தோள் ஒரு தடவை மேலே போய் இறங்கியது. முடிந்தது, பீரோ, சாவி, எல்லாம் முடிந்தது, ஆனால் கட்டைவிரல் அதற்குள் தடிக்கம்பியில் விழுந்திருந்தது, விழ வேண்டிய நேரத்தில், அவள் சொல்லாமலே. நிற்கவில்லை. நின்றிருந்தால்தான் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், நிற்காததால் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாவது அடி. நான்காவது. ஓட்டம் இல்லை, ஒப்பனை இல்லை, மூன்றே இடம், தப்பில்லாமல். கடைசிச் சுரத்தைத் தட்டி, அது அடங்குகிற வரைக்கும் கையை வைக்காமல் இருந்தாள்.

பை எல்லாம் பீடத்துக்குப் போயின. ஜெபம் நடந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பெமிலா, ஏற்பாட்டின்படி, கடைசிப் பாட்டுக்கு எழுந்து, தூங்குகிற பிள்ளையைப் பக்கத்திலிருந்தவர்களிடம் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானையா சார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஆல்வினிடம், "நாலு கட்டை" என்றார். பிறகு திரும்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஸ்டூலைப் பார்த்தார். "ஏ ஜெபக்கனி, ஒனக்குந்தான். நாலு கட்டை. அந்த மெல்லிசுக் கம்பிய மட்டும் தொடாத, என்ன?" என்றார். "சரி சார்" என்று தலையை ஆட்டினாள். பெமிலாவைப் பார்த்தாள். பெமிலா பாதி எழுந்த இடத்தில் நின்று, சாரைப் பார்த்து, இவளைப் பார்த்து, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, முன் பெஞ்சின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், பலகையில் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தவள் மாதிரி. நாலு கட்டை. எங்கே இருக்கிறது நாலு? வழக்கமாக முதல் கட்டம், ஆனால் இப்போது கம்பி இறங்கியிருக்கிறது, சும்மா விட்டால் ரெண்டரை, முதல் கட்டத்தில் மூணு, அதற்கடுத்து மூணரை என்று விரல் இன்னொரு கட்டம் தள்ளிப் போகப் பார்த்தது. மூணரை என்று ஒரு கட்டையே கிடையாது, ஜெபக்கனி, கீபோர்டில் மூணுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. மூணுக்கு அடுத்தது நேரே நாலுதான். இரண்டாவது கட்டம். விரலை வைத்து அழுத்திக்கொண்டு, சாரின் கையைப் பார்த்தாள்.